வைல்ட் கோஸ்ட் ஓரமாக 250 கடல் மைல்

நவம்பர் 12, 2023, ஞாயிறு – டர்பன்

ஆபீஸ் வேலையாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தீபாவளிக்குத் தனியாக இருக்கக் கூடாது என்று வீட்டு ஓனர் தன் மச்சான் வீட்டு விருந்துக்கு இழுத்துப் போனார். இங்கே பிரியாணியில் பருப்பும் உருளைக்கிழங்கும் கட்டாயம். முறுக்கை 'முர்க்கு' என்கிறார்கள். வாசல் பலகைகளில் கவுண்டர் 'கவெண்டர்' ஆகியிருக்கிறார், முதலியார் 'மூட்லி' ஆகியிருக்கிறார். தமிழ் பேசுகிறவர்கள் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சாப்பிட்டு முடித்தவனை எழுந்திருக்க விடாமல் இன்னொரு கரண்டி வைக்கிற பழக்கம் மட்டும் ஐந்து தலைமுறை தாண்டியும் பிழைத்திருக்கிறது.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். வயது 64. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். குடும்பமே டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் கரைவலை இழுத்த குடும்பம். சிறு வயதில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரைத் துண்டில்தான் இவர் குளிக்க முடியும். யாட் கிளப்புக்குள் கால் வைக்க முடியாது. நிறவெறிச் சட்டங்கள் போனபிறகு முதலில் செய்த காரியம் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டதாம். இப்போது 12 மீட்டர் நீளப் படகு ஒன்று வைத்திருக்கிறார். அதை விற்கக் கேப் டவுன் கொண்டுபோக வேண்டும். மூன்றாவதாக ஓர் ஆள் தேவை.

"சமைக்கத் தெரியுமா தம்பி?" என்றார் ஆங்கிலத்தில். அவரிடம் மிஞ்சியிருக்கும் தமிழ்ச் சொற்கள் தம்பி, தண்ணி, சோறு, அப்புறம் இங்கே எழுத முடியாத இரண்டு.

தெரியும் என்றேன். நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போனவர். நான் கணக்கு எழுதுகிறவன் என்றாலும் அந்தக் கெத்து போகவில்லை. டர்பனிலிருந்து முதல் நிறுத்தமான ஈஸ்ட் லண்டன் சுமார் 250 கடல் மைல்தான், அதுவும் கரையோரமாகவே. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு வார லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அர்த்தம் கேட்டுவிட்டு, பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டார். படகின் பெயரை எங்கும் எழுதாதே என்று ஒரே ஒரு நிபந்தனை. காரணம் பின்னால் வருகிறது.

நவம்பர் 14, செவ்வாய் – டர்பன்

கிளம்பவில்லை. காலையில் பையோடு போனால் அண்ணாச்சி படகில் உட்கார்ந்து ரஸ்க்கைக் காபியில் முக்கிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு இல்லை." வானம் நீலமாக இருந்தது. நல்ல காற்று. ஏன் இல்லை என்று கேட்டதுக்கு ஒரு மணி நேரப் பாடம் கிடைத்தது.

இந்தக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான தண்ணீர், கடலடித் திட்டின் விளிம்பை உரசிக்கொண்டு, மணிக்கு நாலைந்து கடல் மைல் வேகத்தில்கூடப் போகும். நம் படகின் வேகமே ஆறுதான். அதனால் நீரோட்டத்தில் ஏறிக்கொண்டால் இலவச டிக்கெட். வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் இன்னும் சுகம்.

ஆனால் ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியைத் தாண்டிச் சில நாளுக்கு ஒருமுறை ஒரு குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வரும். அது வந்தால் காற்று சில நிமிடங்களில் திரும்பித் தென்மேற்கிலிருந்து அடிக்கும். எங்கள் ஊர்க் கணக்கில் சோழகம் என்கிற தெற்குக் காற்றுக்கும் கச்சான் என்கிற மேற்குக் காற்றுக்கும் நடுவில். தென்பெருங்கடலில் தடுக்க நிலமே இல்லாமல் வளர்ந்து வருகிற அலையும் அதே திசையிலிருந்துதான் வருகிறது. அந்த அலையும் நீரோட்டமும் நேருக்கு நேர் மோதும்போது அலையின் நீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது, முகம் செங்குத்தாகிறது. உயரம் நீளத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் அலை நிற்க முடியாமல் உடைந்து விழும். அகலமான பெரிய அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், அதனால் பாதகமில்லை. உடைகிற அலைதான் ஆளைக் கொல்கிறது.

தாத்தா இதையே ஒரு வரியில் சொல்வார்: காத்தும் நீவாடும் சண்டை போட்டா கடல் கொதிக்கும். நீவாடு என்றால் நீரோட்டம். சொன்னேன். அண்ணாச்சி 'நீவாடு' என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சின்னப் படகுக்கு மட்டும் நேர்கிற ஆபத்தும் இல்லை இது. 1968 ஜூனில் 'வேர்ல்ட் குளோரி' என்ற எண்ணெய்க் கப்பல் இந்தக் கடலில் அலை தாக்கி இரண்டாக உடைந்தது. 24 பேர் இறந்தார்கள். இப்படிப் பட்ட கப்பல்களின் பட்டியலை மல்லரி என்ற பேராசிரியர் 1974இல் தொகுத்தார். ராட்சத அலைக்கு முன்னால் கடலில் ஒரு பள்ளம் விழுகிறது, கப்பல் தலைகுப்புற அதில் இறங்கும்போது எதிர்ச்சுவர் அதன் மேலேயே சாய்கிறது என்பது மாலுமிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் வர்ணனை. மீள வழி ஒன்றுதான். தென்மேற்குக் காற்று வருகிறது என்று தெரிந்தால் 200 மீட்டர் ஆழக்கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் போய்விட வேண்டும். அங்கே நீரோட்டம் தளர்ந்துவிடும்.

"அப்போ ஏதாவது துறைமுகத்துக்குள்ள புகுந்துக்கலாமே?"

"டர்பனுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் நடுவில எங்கே துறைமுகம்? காட்டு பார்க்கலாம்" என்று வரைபடத்தை நீட்டினார். பாறை, ஆற்று முகத்துவாரம், மீண்டும் பாறை. அதற்குத்தான் வைல்ட் கோஸ்ட் என்று பெயர்.

மதியம் பன்னி சௌ. கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே மட்டன் குழம்பு ஊற்றித் தருவது. 110 ராண்ட், நம் காசுக்கு 500 ரூபாய் வரும். கரண்டி கேட்டேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

நவம்பர் 16, வியாழன் – டர்பன்

இன்று கிளம்பியிருக்கலாம். காற்றழுத்தம் ஏறி நின்றுவிட்டது, தென்மேற்கு அடங்கிவிட்டது. ஆனால் இந்த நாட்டில் பாய்ப்படகு ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கும் ஒரு படிவம் உண்டு. அதன் பெயர் 'ஃப்ளைட் பிளான்'. படகுக்கு! நாலு இடத்தில் முத்திரை. மூன்றாவது மேசையில் பதிவு எண்ணில் ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்துவிட்டார்கள். திருத்தக்கூடிய ஆள் சாப்பிடப் போனார். திரும்பி வந்ததும் மின்வெட்டு. இங்கே அதற்கு 'லோட்ஷெடிங்' என்று மரியாதையான பெயரும் மொபைலில் அட்டவணையும் உண்டு. நல்ல காற்று அடித்த ஒரு நாள் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் போனது. அண்ணாச்சி கோபப்படவே இல்லை. "கடல் இதைவிட அதிகமாக் காக்க வைக்கும் தம்பி."

சாயங்காலம் கல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. படகுத்துறையே துக்க வீடு. ரக்பி கோப்பை ஜெயித்து மூன்று வாரம்கூட ஆகவில்லையே என்றேன். யாருக்கும் ஆறுதல் ஆகவில்லை.

1860இல் இதே நவம்பர் 16 அன்றுதான் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். ஒரு மாதத்துக்கு மேல் கடலில். பெரும்பாலானவர்கள் அதுவரை கப்பலையே பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணாச்சியின் முன்னோர் அந்தக் கப்பலில் வரவில்லை, சில ஆண்டு கழித்து வந்தார்களாம். இருந்தாலும் ஒரு சூடத்தைக் கொளுத்திப் படகின் முன்முனையான அணியத்தில் காட்டிவிட்டு அணைத்தார்.

மூன்றாவது ஆள் இன்று வந்து சேர்ந்தார். கேப் டவுன் பெண், முப்பது வயதிருக்கும். தொழில் பாய் தைப்பது. வந்ததும் என் சமையல் மேடையைப் பார்த்துச் சிரித்தார். தட்டு, டப்பா எல்லாவற்றையும் ஊரில் போல அடுக்கியிருந்தேன். "படகு தலைகீழாகக் கவிழ்ந்தாலும் விழக் கூடாது, அப்படி வை." ஒவ்வொன்றையும் துணி சுற்றித் திணித்தேன். உப்பு டப்பாவை என் சாக்ஸுக்குள் போட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் செருகினேன்.

இரவு அவர் 'வாராட்டா' கதை சொன்னார். 1909 ஜூலை 26 அன்று டர்பனை விட்டுக் கேப் டவுனுக்குப் புறப்பட்ட புதிய நீராவிக் கப்பல். மறுநாள் இன்னொரு கப்பல் அதைப் பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு 211 பேரோடு மாயம். இன்றுவரை ஒரு பலகைகூட உறுதியாகக் கிடைக்கவில்லை. அதில் கிளாட் சாயர் என்று ஒரு பயணி. கப்பல் சாய்ந்தால் நிமிர ரொம்ப நேரம் எடுக்கிறது என்று கவனித்தவர். ரத்தக்கறையும் கத்தியுமாக ஓர் ஆள் கனவில் வேறு வந்தான். கேப் டவுன் வரை டிக்கெட் இருந்தும் டர்பனிலேயே இறங்கிவிட்டார். மனைவிக்குத் தந்தி அடித்தார். பிழைத்தார்.

எனக்கு அன்று எந்தக் கனவும் வரவில்லை. பன்னி சௌ செரிக்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 18, சனி – கடலில்

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். துறைமுக வாயைத் தாண்டியதும், உள்ளே இடம் கிடைக்காமல் நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல்கள் ஒரு ஊர் போல நின்றன. அவற்றின் நடுவே நாங்கள் எறும்பு மாதிரி போனோம்.

இடுப்பில் வார், வாரில் கொக்கி, கொக்கியை மாட்ட அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை இழுத்துக் கட்டிய பட்டை. மாட்டாமல் மேலே வந்தால் திரும்பிப் போய்விடுவோம் என்று அண்ணாச்சி சொன்னார். மிரட்டல் இல்லை, செய்தி மாதிரி சொன்னார். இரவில் ஒருவன் தண்ணீரில் விழுந்தால் அலைக்கு நடுவே ஒரு தலை என்பது தேங்காய் அளவுதான். திரும்பி வந்து தேடுவதெல்லாம் சம்பிரதாயம்.

பத்து மணிக்கு நீரோட்டத்தில் ஏறினோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கருவிதான் காட்டியது. தண்ணீரின் சூடு 22இலிருந்து 25 டிகிரிக்கு ஏறியது. படகின் வேகம் ஆறு, தரைக் கணக்கில் பத்து. டால்பின்கள் வந்தன. காலையில் எடுத்த வாந்தியோடு சரி. மாத்திரையும் சுக்குத் தண்ணீரும், எது வேலை செய்தது என்று தெரியாது.

மதியம் புளிசாதம், வறுத்த வேர்க்கடலை. பாய் தைப்பவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "என் ஆயா செய்வாங்க. பேரு மறந்து போச்சு." பெயரைச் சொன்னேன். இரவுக்கு ரசத்தை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைத்தேன்.

இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாருமே சொல்லவில்லையே என்று டைரியில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை அப்படியே விட்டுவைக்கிறேன்.

மாலை ஆறு மணிக்குக் காற்றழுத்தம் இறங்க ஆரம்பித்தது. நாளை காலை ஆறு மணி வாக்கில்தான் காற்று திரும்பும் என்று முன்னறிவிப்பு. அண்ணாச்சி கருவியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். அரை மணிக்கு ஒருமுறை ஒரு பழைய நோட்டில் எண்ணைக் குறித்தார். எட்டு மணிக்கு, ஒன்றும் ஆகாதபோதே, படகைக் கரைப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் தொடங்கினார். வேகம் ஒன்பதாகக் குறைந்தது. இலவச டிக்கெட்டை ஏன் வீணாக்குகிறார் என்று நான் நினைத்தது உண்மை.

நவம்பர் 19, ஞாயிறு – காபி பே என்ற ஊருக்கு வெளியே

நள்ளிரவில் காற்று சுத்தமாக நின்றது. பாய் தொங்கியது. கடல் மட்டும் தூக்கத்தில் புரள்வது போல அசைந்தது. தென்மேற்கில் அடிவானத்தில் மின்னல். 1.40க்கு முகத்தில் ஒரு குளிர் அறைந்தது, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த மாதிரி. அவ்வளவுதான் முன்னறிவிப்பு. பத்து நிமிடத்தில் மணிக்கு 35 கடல் மைல் வேகக் காற்று. முன்பாயைச் சுருட்டி, பெரிய பாயை மூன்றாக மடக்கிக் கட்டி, இன்ஜினைப் போட்டோம். போட்டோம் என்றால் அவர்கள் இருவரும். நான் என் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

200 மீட்டர் கோடு இன்னும் ஏழு மைல். கரை வடமேற்கில், அலை தென்மேற்கிலிருந்து. அதாவது கரைக்குப் போகப் போக அலைக்கு விலாவைக் காட்டியே போக வேண்டும். படகு கவிழ்வது இப்படித்தான். நேராக வருகிற அலையைப் படகு ஏறிக் கடக்கும், பக்கத்தில் வாங்கினால் உருளும். ஆனால் அலையைப் பார்த்தபடியே நின்றால் நீரோட்டத்தை விட்டு வெளியே வரவே முடியாது. அண்ணாச்சி இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். கரையை நோக்கி ஓட்டுவது, பெரியது வரும்போது சுக்கானைத் திருப்பி அணியத்தை அதற்குக் காட்டுவது, அது கடந்ததும் மறுபடி கரை. இருட்டில் பெரியது வருவது எப்படித் தெரியும்? பாய் தைப்பவர் டார்ச்சை அடித்துப் பார்த்துக் கத்துவார். ஆனால் வெளிச்சத்துக்கு முன்னால் சத்தம் வந்துவிடும். தூரத்தில் சரக்கு ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம்.

"வருது!" திருப்பு. ஏறு. உச்சியில் ஒரு நொடி படகு காற்றில் நிற்கும். பிறகு பின்பக்கம் தொப்பென்று விழும். விழுகிற ஒவ்வொரு முறையும் பாய்மரம் அதிர்ந்து பல்லில் கேட்கும். என் வேலை ஆழத்தையும் தண்ணீர்ச் சூட்டையும் கருவியில் பார்த்துக் கத்துவது. ஆழம் இன்னும் கருவிக்கே எட்டவில்லை. சூடு 25. 25. 25. அந்த எண்ணை அவ்வளவு வெறுத்தேன்.

மூன்று மணிக்கு ஒன்று சத்தமில்லாமல் வந்தது. அதற்கு முன்னால் படகு கீழே போனது. ஏறியே இறங்கிக்கொண்டிருந்த படகு, ஏறாமலே இறங்கியது. ஒரு கணம் காற்றுகூட நின்றுபோனது. பள்ளத்துக்குள் காற்று வராது என்பது அப்புறம் யோசித்தபோதுதான் புரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் மேலே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, மேகம் இருக்க வேண்டிய இடத்தில். அண்ணாச்சி சுக்கானை முழுக்கத் திருப்பினார். பாதி திரும்பியது. மீதியை அது முடித்து வைத்தது.

தண்ணீர் கனமானது. வேறெப்படிச் சொல்வது. மண் லாரி கவிழ்வது மாதிரி. நான் நின்ற இடம் சுவராகி, சுவர் தரையாகி, வாயில் உப்பும் டீசலும். வார் இடுப்பில் வெட்டி இழுத்துப் பிடித்தது. பாய்மரம் தண்ணீரைத் தொட்டதா என்பது எங்களுக்குள் இன்றுவரை வழக்கு. பிறகு, சாவகாசமாக, படகு நிமிர்ந்தது. அடியில் கட்டியிருக்கும் ஈயக் கட்டியின் புண்ணியம். மூன்று பேரும் இருந்தோம். அண்ணாச்சி எங்களை எண்ணினார். வாய்விட்டு, ஒன்று, இரண்டு. தன்னையும் தொட்டு, மூன்று. என் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை.

உள்ளே கணுக்கால் தண்ணீர். அரிசி, ரசம், வரைபடம், பாய் தைப்பவரின் ஒற்றைச் செருப்பு எல்லாம் மிதந்தன. பக்கெட்டால் இறைக்க ஆரம்பித்தேன். பயந்துபோன ஆள் கையில் இருக்கும் பக்கெட்டைவிட நல்ல பம்பு கிடையாது என்பார்கள். நிஜம். இறைத்துக்கொண்டே கருவியைக் கண்ணருகே வைத்துப் படித்தேன். 24. அப்புறம் 22. நாலரைக்கு ஆழம் முதல்முறையாகத் தெரிந்தது: 180. கத்தினேன். பிறகு 110. காற்று கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அலை, நம்ப முடியவில்லை, வேறு கடலுக்கு வந்துவிட்ட மாதிரி தணிந்தது. உடைவது நின்றது. 19 டிகிரி குளிர்த்தண்ணீர் மேலே தெறித்தபோது சந்தோஷமாக இருந்தது.

விடிந்தபோது இடப்பக்கம் தூரத்தில், அடிவானமே ரம்பப்பல் போலத் தெரிந்தது. நாங்கள் வந்த இடம். கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

பகல் முழுக்கக் கரையிலிருந்து இரண்டு மைலில், எதிர்காற்றில், மணிக்கு நாலு மைல். பச்சை மலைகள், வட்ட வீடுகள், மாடுகள். இந்தக் காபி பேக்கு வெளியேதான் 1991 ஆகஸ்ட் 4 அன்று 'ஓசியானோஸ்' என்ற பயணிகள் கப்பல் மூழ்கியது. புயற்கடலில் உள்ளே தண்ணீர் புகுந்து மெல்ல மெல்லச் சாய்ந்த கப்பல். கேப்டன் முன்னதாகவே ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட, கிதார் வாசிக்கிற மோஸ் ஹில்ஸ் ரேடியோவில் உதவி கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் மற்றக் கலைஞர்களும் ஆட்களை ஏற்றி அனுப்ப, விமானப்படை ஹெலிகாப்டர்களும் பக்கத்திலிருந்த கப்பல்களும் சேர்ந்து 571 பேரையும் காப்பாற்றின. ஒருவரும் சாகவில்லை. அண்ணாச்சி இதை இரண்டு முறை சொன்னார், ஒருவரும் சாகவில்லை என்பதை மட்டும் மூன்று முறை.

அலை எவ்வளவு உயரம் என்று சண்டை. நான் எட்டு மீட்டர் என்றேன். பாய் தைப்பவர் ஆறு. அண்ணாச்சி நாலரை. அவர் கணக்கு இது: படகு நீளத்தில் அறுபது சதவீதம் உயரமுள்ள உடையும் அலை பக்கத்தில் அடித்தால் எந்தப் படகும் முழுக்க உருளும், இங்கிலாந்தில் மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். "நம்ம படகு 12 மீட்டர். ஏழு மீட்டர் அலையா இருந்திருந்தா இப்போ ரசம் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். அதனால நாலரை." விற்கிற படகு என்பதாலும் நாலரைதான் என்று சேர்த்துக்கொண்டார். பெயரை எழுதாததன் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

ரசம் இல்லை. ஃப்ளாஸ்க் உடைந்துவிட்டது. டப்பாக்களில் அசையாமல் இருந்தது சாக்ஸுக்குள் இருந்த உப்பு ஒன்றுதான். ரஸ்க்கும் பில்டாங்கும் சாப்பிட்டோம். பில்டாங் என்பது மாட்டிறைச்சி வற்றல். பல் இருந்தால் நல்லது.

மாலை ஏழு மணிக்கு மேல் மொபைலில் சிக்னல் கொஞ்சம் வந்தது. வீட்டுக்குச் சொல்லலாம் என்று திறந்தால் நாற்பது செய்திகள். என்னைத் தேடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அகமதாபாத் இறுதிப் போட்டி. இந்தியா தோற்றுவிட்டது. ஆறு விக்கெட். "சாவு வீடு மாதிரி இருக்குடா" என்று தம்பி அனுப்பியிருந்தான். பதில் போடத் தோன்றவில்லை.

நவம்பர் 20, திங்கள் – ஈஸ்ட் லண்டன்

விடிகாலையில் பஃபலோ ஆற்றுக்குள் நுழைந்தோம். துறைமுகமே ஆற்றில்தான் இருக்கிறது. கரையில் கால் வைத்ததும் தரை ஆடியது. பக்கத்துப் படகில் இருந்த ஒரு பெரியவர் ஒன்றும் கேட்காமல் எங்கள் கயிற்றை வாங்கிக் கட்டினார். உள்ளே போய் மூன்று கோப்பை டீயோடு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்றிலும் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றுகூட அன்று மாலைதான் விசாரித்தார்.

விலாவில் கைநீளத்துக்கு ஊதா நிறம். எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர், 550 ராண்ட். மூக்குக் கண்ணாடி 1,400 ராண்ட், இரண்டு நாளாகுமாம். பதினான்கு மணி நேரம் தூங்கினேன்.

நவம்பர் 22, புதன் – ஈஸ்ட் லண்டன்

கண்ணாடி வந்தது. முதலில் போனது மியூசியத்துக்கு. 1938 டிசம்பரில் இந்த ஊர் மீன்பிடிப் படகில் வந்த ஒரு விசித்திர மீனை மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற மியூசியப் பெண் கவனித்தார். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாக நினைத்த சீலகாந்த். பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இத்தனை காலமும் ஆழத்திலேயே இருந்ததால் பிழைத்தது போல. மேலே என்ன அலை அடித்தாலும் அதற்கென்ன.

மீனும் சிப்ஸும் 85 ராண்ட். வினிகர் ஊற்றாமல் கொடுங்கள் என்றேன், ஊற்றிக் கொடுத்தார்கள்.

அண்ணாச்சி ஒரு நாள் முழுக்கப் பாய்மரக் கம்பிகளை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தது. மாற்றினார். கேப் டவுனுக்கு இன்னும் ஐந்நூறு மைலுக்கு மேல். அகுல்ஹாஸ் முனையையும் சுற்ற வேண்டும்.

நவம்பர் 24, வெள்ளி – ஈஸ்ட் லண்டன்

நாளை விடிகாலை கிளம்பலாம் என்று பாரோமீட்டர் சொல்கிறது. திங்கட்கிழமை நான் டர்பன் ஆபீஸில் இருக்க வேண்டும். டர்பனில் காத்திருந்த நாட்கள் லீவைத் தின்றுவிட்டன. இதுதான் காரணம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். உண்மையும்கூட. ஆனால் லீவை நீட்டிக்கச் சொல்லி ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்ததைச் சொல்லவில்லை.

"சரி சாயர்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பாய் தைப்பவர் தன் பையிலிருந்து பழைய பாய்த்துணியில் தைத்த ஒரு சின்னப் பை எடுத்துக் கொடுத்தார். உள்ளே என் ஒற்றைச் சாக்ஸ்.

நவம்பர் 25, சனி – பஸ்ஸில்

அலைதடுப்புச் சுவர் நுனிவரை நடந்து போய்ப் பார்த்தேன். ஐந்தரைக்கு வெளியே வந்தார்கள். கடல் தட்டையாக இருந்தது. கை காட்டினேன். அண்ணாச்சி சுக்கானை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார். பாய் விரிந்து, சின்னதாகி, ஒரு சரக்குக் கப்பலுக்குப் பின்னால் மறைந்தது. எட்டு மணி பஸ். டர்பனுக்கு நாள் முழுக்க. ஜன்னலில் கடல் தெரியவே இல்லை, பாதை மலை வழியாகப் போகிறது. பக்கத்து சீட் அம்மா ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கையில் வைத்தார்.

டிசம்பர் 3, ஞாயிறு – டர்பன்

எட்டு நாளாகச் செய்தி இல்லை. தினமும் காலையில் ஆபீஸ் போகுமுன் தென் கடற்கரை வானிலையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டு குளிர்முகங்கள் கடந்தன. வழியில் இருக்கும் மாசல் பே துறைமுகத்தில் ஒதுங்கியிருப்பார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன். வீட்டு ஓனரிடம் கேட்டால், அவர் மச்சானுக்கும் தகவல் இல்லை.

இன்று மதியம் மூன்று மணிக்கு மொபைல் அடித்தது. ஒரு படம்: மேசை மலை, அதன் முன்னால் எங்கள் பாய்மரம். கீழே ஒரு வரி.

"தம்பி, உப்பை எங்கே வச்சே? பத்து நாளா உப்பில்லாத சோறு."